செய்தித்தாளில் சித்திரக் கதைக்கு எத்தனை அங்குலம்?

தில்லியில் சாணக்யபுரிப் பகுதியில் பணிபுரியும் நேயர்கள் சாந்தி பாதையை நன்கறிவார்கள். அமெரிக்கத் தூதரகம் 1959-இல் அங்கே திறக்கப்பெற்றது. கனடா, நார்வே நாடுகளின் தூதுவர் மனைகளும் அதே சாலையில் உள்ளன; சுவீடனும் பின்லாந்தும் அருகிலேயே இருக்கின்றன. நம் செய்தித்தாள்களின் சித்திரக் கதைக்கும் இச்சாலைக்கும் ஓர் உறவு உண்டு. கதையின் வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை அச்சிடும் காகிதமோ நெடுங்காலம் கனடாவிலிருந்தும் வட ஐரோப்பாவிலிருந்தும் கப்பலேறி வந்தது.

1907-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து நாளிதழ் ஒன்றில், பட் பிஷர் என்பவர் குதிரைப் பந்தயப் பித்தன் ஒருவனைப் பற்றி, பக்கத்தின் குறுக்கே நீண்ட வரிசையாகப் படம் வரைந்தார். அவ்வரிசையே பின்னோர்க்கு முறையாயிற்று. ஒரே கதையைப் பல பத்திரிகைகளுக்கு விற்கும் நிறுவனங்கள் தோன்றியபின், எல்லாப் பத்திரிகைகளுக்கும் பொருந்தும் அளவு ஒன்று தேவைப்பட்டது. ஓவியர் பெரிதாக வரைவார். புகைப்பட முறையில் அதைச் சுருக்கித் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்வார்கள். சுருக்கச் சுருக்கக் கோடு மெலியும். எழுத்தின் வயிற்றில் மை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தில் படங்கள் மேலும் குறுகின. 1950-இல் சார்லஸ் ஷூல்ஸ் தொடங்கிய ‘பீனட்ஸ்’, இடத்தைச் சிக்கனப்படுத்தும் கதை என்றே ஆசிரியர்களிடம் விற்கப்பட்டது. ஒரே அளவான நான்கு கட்டங்கள். அவற்றைக் கிடையாகவும் வைக்கலாம், நெடுக்காகவும் அடுக்கலாம், இரண்டிரண்டாகச் சதுரமாக்கவும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைக் கதைகளிலோ, முதல் வரிசையை வெட்டியெறிந்தாலும் கதை கெடாதபடி ஓவியரே வரைந்து கொடுக்கவேண்டும். வெட்டுவதற்கென்றே ஒருவர் வரைவது வேடிக்கையான தொழில்தான்! இதைப் பொறாது எதிர்த்தவரும் உண்டு. 1984-இல் காரி ட்ரூடோ, தம் கதை 44 பைக்கா, அதாவது ஏறத்தாழ ஏழேகால் அங்குல அகலத்துக்குக் குறையாமல் வரவேண்டுமென்று நிபந்தனை விதித்தார். 1992-இல் பில் வாட்டர்ஸன், ஞாயிறுதோறும் வெட்டப்படாத அரைப் பக்கம் கேட்டுப் பெற்றார்.

நம் நாட்டில் ஓவியரின் அளவுகோல் அரசாங்கச் சட்டத்தோடும் பிணைந்திருந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையொட்டிய 1960-ஆம் ஆண்டு ஆணையும், விலைக்கேற்ப இத்தனை பக்கம் என்று வரம்பு கட்டின. புனாவின் ‘சகால்’ என்னும் மராத்தி நாளிதழ், பக்கங்களைக் குறைக்காதிருக்க வேண்டுமானால் ஏழு நயாபைசா விலையை எட்டாக்க வேண்டியிருந்தது. அது தொடுத்த வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் அவ்வரம்பை நீக்கியது. பின்னர் வந்த பத்துப் பக்க வரம்பும் 1972-இல் அதே மன்றத்தில் வீழ்ந்தது. பக்கம் குறையும்போது முதலில் கத்தரிக்கப்படுவது படம்தான் என்பது என் கருத்து; செய்தியை நீக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. 1951-இல் தொடங்கிய ஆர். கே. லக்ஷ்மணின் பொதுமனிதன் படம் சிறு கட்டத்துக்குள் அடங்கியது இத்தகைய காலத்துக்கு உகந்ததாயிற்று. 1960-இல் தில்லி ‘மிலாப்’ பத்திரிகையில் பிராண் ‘டப்பு’வை வரையத் தொடங்கினார்.

அதே 1960-இல்தான் ‘தினத்தந்தி’யில் ‘கன்னித்தீவு’ தொடங்கியது. சிந்துபாத்தின் பயணம் நாளொன்றுக்கு இரண்டு மூன்று கட்டங்களாக அறுபதாண்டுகளைக் கடந்துவிட்டது. பெரிய படத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே கதை மெல்ல நகர்கிறது. கட்டத்தைச் சுருக்குவது தமிழுக்குக் கூடுதல் தொல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் சிறிதானாலும் படிக்கலாம். நம் ‘ண’வும் ‘ஞ’வும் சுழி அடைபட்டால் ஒன்றும் விளங்காது. வெளிமாநிலங்களில் வளர்ந்து, பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க இத்தகைய கட்டங்கள் ஏற்றவை. படம் பொருளைச் சொல்லிவிடுகிறது. இரண்டே வரி என்பதால் குழந்தைக்கு மலைப்பில்லை. எழுத்து மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கவேண்டும்.