பெர்லினில் ஒரு தமிழர்: செண்பகராமன் பிள்ளை

ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் கெட்டிக்காரரைப் பார்த்து "ஆள் சரியான எம்டன்பா" என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளையும் வந்தார் என்று நம் மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். கணக்குப் போட்டால் உதைக்கிறது. எம்டன் சீனக் கரையிலுள்ள சிங்தாவோவிலிருந்து ஜூலைக் கடைசியில் கிளம்பியது. பிள்ளையோ அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரத்தில் இந்திய விடுதலைக்குச் சங்கம் வைத்து உழைத்துக்கொண்டிருந்தார்.

கப்பல் கதை போனால் அவர் பெருமை குறைந்துவிடாது. 1891-ல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சூரிச்சிலிருந்து பெர்லின் போய் அங்கே இந்தியப் புரட்சியாளர் குழுவில் சேர்ந்தார். 1915 டிசம்பர் 1-ல் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் அமைத்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டவர். நம் வயல் தங்கம் ஜான் டெய்லர் கம்பெனி மூலம் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

1918-ல் ஜெர்மனி தோற்றது. பிள்ளை பெர்லினிலேயே தங்கி, ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியில் சேர்ந்தார். வெர்சாய் ஒப்பந்தத்தை எதிர்த்த பழமைவாதிகளின் கட்சி அது. எதிரிக்கு எதிரி நண்பன் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் இந்தியா இங்கிலாந்தின் கையில் இருப்பதே மேல் என்று ஹிட்லர் தன் நூலில் 1926-லேயே எழுதிவிட்டார். 1933 ஜனவரி 30-ல் அந்தக் கட்சித் தலைவர் ஹூகன்பெர்க், ஹிட்லர் மந்திரிசபையில் போய் உட்கார்ந்தார். ஜூன் மாதக் கடைசிக்குள் கட்சியே கலைந்தது. பிள்ளைக்கு நிழல் தந்த கூரை போயிற்று. 1934 மே 26-ல் பெர்லினில் காலமானார்; வயது 42. நாஜிகளே கொன்றார்கள் என்று பேச்சு உண்டு. உரைகல்லில் தேய்க்காத சரக்குக்கு நான் விலை சொல்வதில்லை.

மனைவி லட்சுமிபாய் காத்து வைத்திருந்த அஸ்தி, 1966-ல்தான் ஐ.என்.எஸ். டெல்லி கப்பலில் கொச்சி வந்து சேர்ந்தது.

என்னைக் கேட்டால், அவர் விடுதலை வேட்கையில் குறையே இல்லை. கூட்டாளியின் பேரேட்டில் நம் பெயர் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் கூட்டுச் சேர வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இந்த உண்மைக் கதையையே சொல்வோம்.