கம்பளி நூல் விற்றவரின் சஞ்சிகை

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வாழ்ந்த எலிசபெத் ஸிமர்மன் (1910–1999) என்ற பெண்மணியின் பெயரை நம்மவர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அவர் கவிஞரல்லர், நாவலாசிரியருமல்லர். கம்பளி நூலையும் பின்னல் ஊசிகளையும் தபாலில் விற்றவர். ஆனால் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தன் எழுத்தில் கை வைத்துவிட்டார் என்பதற்காகத் தானே ஒரு வெளியீட்டை ஆரம்பித்து, அதைப் பல்லாண்டுகள் விடாமல் நடத்தியவர். அந்த வகையில், சிற்றேடு நடத்துவோரும் அதில் எழுதுவோரும் அறிந்திருக்க வேண்டியவர் அவர் என்பது எனது எண்ணம்.

எலிசபெத் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் கடற்படை அதிகாரி. தாயாரிடமும் மாமிமாரிடமும் ஆங்கிலேய முறைப் பின்னலைக் கற்றார். அம்முறையில் நூல் வலது கையில் இருக்கும். பின்னர் வீட்டுக்குக் கற்பிக்க வந்த சுவிஸ் ஆசிரியை ஒருவர், நூலை இடது கையில் பிடித்துப் பின்னும் ஜேர்மன் முறையைக் காட்டிக் கொடுத்தார். எலிசபெத்துக்கு இரண்டாவது முறையே பிடித்துப்போனது. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலும் ஜேர்மனியின் மியூனிக் நகரிலும் ஓவியம் பயின்றார். மியூனிக்கில் ஆர்னல்ட் ஸிமர்மன் என்ற இளைஞரைச் சந்தித்து மணமுடித்தார். ஆர்னல்ட் ஹிட்லரைப் பற்றி வாய்தவறிச் சொன்ன ஏதோ ஒன்று வேண்டாத காதுகளில் விழுந்துவிட, அவர் ஜேர்மனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1937இல் தம்பதியர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தனர். ஆர்னல்ட் மதுபானத் தொழிற்சாலைகளில் தொழில் பார்த்தார். பிள்ளைகள் மூவர். இறுதியில் குடும்பம் விஸ்கொன்சினில் நிலைகொண்டது.

யுத்த காலத்தில் ஜேர்மன் என்ற அடைமொழியைத் தாங்கிய எதற்கும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் மதிப்பிருக்கவில்லை. இடது கைப் பின்னலும் அந்த வெறுப்பிலிருந்து தப்பவில்லை. நூலை எந்தக் கையில் பிடிப்பது என்பதிலும் தேசபக்தியைத் தேடிய காலம் அது. பிற்காலத்தில் அம்முறையை மீண்டும் அமெரிக்கப் பெண்களிடம் கொண்டு சேர்த்தவர்களுள் எலிசபெத் முதன்மையானவர்.

அவருடைய எழுத்துக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள, பின்னல் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. (நுவரெலியாவுக்குப் பயணம் போகும்போது மாத்திரம் ஸ்வெட்டர் தேடும் நமக்கு இது அவசியம்.) ஒரு ஸ்வெட்டரை இரண்டு விதமாகப் பின்னலாம். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று தனித்தனித் தட்டைத் துண்டுகளாகப் பின்னி, பிறகு தைத்துப் பொருத்துவது ஒரு விதம். தையற்காரர் துணி வெட்டும் முறையின் நகல் இது. ஒரு வரிசையை நேர்ப்புறமாகவும் அடுத்த வரிசையை மறுபுறமாகவும் மாறி மாறிப் பின்ன வேண்டும். வேலை முடிந்த பிறகு தைக்கும் வேலை தொடங்கும். இரண்டாவது விதத்தில், வளையக்கூடிய ஒரு கயிற்றால் இணைக்கப்பட்ட வட்ட ஊசியில், குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகலாம். நேர்ப்புறம் எப்போதும் கண்முன்னே இருப்பதால் நிறக் கோலம் பிழைத்தால் உடனே தெரியும். தையல் மிகவும் குறைவு. வட கடல் மீனவர்களின் பின்னற் சட்டைகள் இவ்வாறு சுற்றிப் பின்னப்பட்டவையே.

இந்த இரண்டாவது விதம் மிகப் பழையது. இன்று உலகில் எஞ்சியுள்ள ஆகப் பழைய பின்னல் வேலைகளுள் எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள் முக்கியமானவை. அவுரி நீலமும் வெள்ளையும் கலந்து சுற்றிப் பின்னப்பட்ட இவற்றின் காலத்தைக் கி.பி. 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கணிப்பர். அவற்றுட் சிலவற்றில் கூஃபி எழுத்தைப் போன்ற கோலங்கள் ஓடுகின்றன. ஸ்பெயினின் புர்கோஸ் நகரிலுள்ள லாஸ் உவெல்காஸ் மடத்தில், 1275இல் மரணித்த இளவரசர் பெர்னான்டோ டி லா செர்டாவின் கல்லறையில் பட்டு நூலிற் பின்னிய தலையணை உறைகள் கிடைத்தன. அவற்றின் ஓரத்தில் 'பரகா' என்ற அறபுச் சொல் கூஃபி எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றது. கிறிஸ்தவ அரச குடும்பத்துக்காக முஸ்லிம் கைவினைஞர்கள் பின்னியவை அவை என்பது ஆய்வாளர் கருத்து. பின்னியவர்களின் பெயர்கள் எங்குமில்லை. கல்லறைக்குள் போன இளவரசருக்குப் பெயர் இருக்கின்றது. அவர் தலைக்கு அணை செய்தவருக்கு இல்லை.

எலிசபெத்தின் காலத்து அமெரிக்காவில் வட்டப் பின்னல் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. மகளிர் சஞ்சிகைகள் தட்டைத் துண்டு முறையையே அச்சிட்டன. வாசகிகள் அதையே பின்னல் என்று நம்பினர். 1950களில் அவர் ஒரு ஸ்வெட்டரை வடிவமைத்தார். உடலையும் இரு கைகளையும் மூன்று குழாய்களாகப் பின்னி, அக்குளில் ஒன்றுசேர்த்து, தோளைச் சுற்றி ஒரே வட்டமாக நிறக்கோலமிட்டுக் கழுத்துவரை கொண்டுபோகும் அமைப்பு. அதனைச் சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. பிரசுரமானபோது பார்த்தால், அவர் எழுதிய செய்முறை அங்கே இல்லை. வட்டமாகப் பின்னியதை ஆசிரியர் குழு தட்டைத் துண்டுகளாக்கி மாற்றி எழுதியிருந்தது. வாசகிகளுக்கு அதுதான் பழக்கம் என்பது அவர்களது நியாயம்.

ஒரு கவிதையின் வரிகளைப் பத்திராதிபர் உடைத்துப் போட்டால் கவிஞர் என்ன செய்வார்? நம்மிடையே சிலர் கடிதம் எழுதுவர். பலர் மனம் நொந்து பேசாதிருப்பர். எலிசபெத் தானே அச்சிட்டார். 1958இல் அதே ஸ்வெட்டரின் செய்முறையைத் தான் பின்னியவாறே, சுற்றிப் பின்னும் முறையிலேயே எழுதி, ஒரு சிறிய மடலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1959இல், ஸ்கூல்ஹவுஸ் பிரஸ் என்ற பெயரில் தபால்மூல நூல் வியாபாரம் உருவானது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை இக்குடும்பம் வீடாக்கிக்கொண்டது. வியாபாரத்தின் பெயர் அந்தப் பள்ளிக்கூடத்தைக் குறிப்பது.

நூலையும் எழுத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததில் ஒரு காரணம் உண்டு. 1950இல் டூபொண்ட் நிறுவனம் ஓர்லோன் என்ற செயற்கை இழையை வர்த்தக ரீதியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. மலிவு, கழுவுவது இலகு, பூச்சி அரிக்காது. கடைகளின் இறாக்கைகளில் செயற்கை நூல் பெருகப் பெருக, நல்ல கம்பளி நூல் தேடிப் பெற வேண்டிய பொருளாயிற்று. எலிசபெத் சொல்லும் முறைக்கோ கம்பளி வேண்டும். கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நனைத்து இழுத்து வைத்தால் சிறு பிழைகளை மன்னித்து வடிவத்துக்கு வரும். ஆகவே, வட்ட ஊசியும் கம்பளி நூலும் இல்லாத வாசகிக்கு அவரது மடல் பயன்படாது. மடல் இல்லாமல் அந்த நூலை என்ன செய்வதென்றும் பலருக்குத் தெரியாது. வியாபாரம் எழுத்தைச் சுமந்தது, எழுத்து வியாபாரத்தைச் சுமந்தது. சந்தாவை மாத்திரம் நம்பி ஏடு நடத்தி மூன்றாவது இதழோடு கடையை மூடிய நமது நண்பர்கள் இதைப் பற்றிச் சற்று யோசிக்கலாம்.

1958 முதல் 1968 வரை 22 மடல்கள் வந்தன. ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கு. பின்னர் அதுவே 'வுல் கதரிங்' என்ற பெயரில் தொடர்ந்தது. 'கம்பளி பொறுக்குதல்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் சிந்தனை எங்கெங்கோ அலைவதையும் அது குறிக்கும். ஒவ்வொரு மடலிலும் ஒரு செய்முறை. ஆனால் மருந்துச் சீட்டைப் போன்ற கட்டளை மொழி அதிலில்லை. அயல்வீட்டுப் பெண்ணிடம் குசினிக் கதவருகே நின்று கதைப்பது போன்ற நடை. காலநிலை வரும், கணவர் வருவார், பூனை வரும், நடுவே கண்ணிகளின் எண்ணிக்கையும் வரும். கணவர் மோட்டார் சைக்கிள் ஓட்ட, பின்னாலிருந்து பின்னிக்கொண்டே பயணம் செய்தவர் இவர். வேலைக்கென்று தனியே நேரம் ஒதுக்கியவரல்லர். அவரது எழுத்தில் வாழ்க்கையும் பின்னலும் வெவ்வேறாகப் பிரியாதிருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

1968ஆம் ஆண்டின் குழந்தைச் சட்டை ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. முழுச் சட்டையும் ஒரே துண்டாகப் பின்னப்படுகின்றது. ஊசியிலிருந்து இறக்கும்போது அது உருவமற்ற ஏதோ ஒன்றுபோலக் கிடக்கும். காகிதக் கப்பல் மடிப்பதுபோல அதை மடித்து, தோள்களில் மாத்திரம் இரு தையல்கள் போட்டால், கண்முன்னே ஒரு குழந்தைச் சட்டை. பெயரே 'பேபி சப்ரைஸ் ஜக்கட்' என்பதுதான். ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதை அணிந்து வளர்ந்துவிட்டனர்.

அவர் வாசகியிடம் எதிர்பார்த்தது கீழ்ப்படிவை அல்ல, கணக்கை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்று ஒரு சிறு துண்டு பின்னி அளந்து பார்க்கச் சொல்வார். அங்குலத்துக்கு 5 கண்ணி, மார்புச் சுற்றளவு 40 அங்குலம் என்றால், உடலுக்கு 200 கண்ணிகள். இந்த 200தான் திறவுகோல். மணிக்கட்டுக்கு அதில் 20 வீதம், அதாவது 40. மேற்கைக்கு மூன்றில் ஒரு பங்களவு. கழுத்துக்கு 40 வீதம், அதாவது 80. அக்குளில் இணைப்பதற்கு 8 வீதம், 16. மெல்லிய நூலாயினும் தடித்த நூலாயினும், சிறுவனாயினும் பெரியவராயினும் வீதம் ஏறக்குறைய மாறாது. மனித உடலின் விகிதத்தை ஓவியக் கல்லூரியில் படித்தவரின் கண் இது. இந்தக் கணக்கு கைக்கு வந்தவளுக்கு அதன் பிறகு யாருடைய செய்முறையும் தேவைப்படாது. செய்முறை விற்கும் ஒருவர் இதைக் கற்றுக்கொடுத்தார் என்பதுதான் வியப்பு.

1971இல் அவரது முதல் நூலான 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' (கண்ணீரின்றிப் பின்னல்) வெளிவந்தது. பதிப்பித்தது ஹெமிங்வேயைப் பதிப்பித்த அதே ஸ்கிரிப்னர்ஸ் நிறுவனம். 1974இல் 'நிட்டர்ஸ் அல்மனக்'. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வேலைகள். மே மாதத்தில், அடுத்த குளிர்காலத்துக்கான கையுறைகள். ஜூலையில், பயணத்தின்போது பின்னுவதற்கு ஒரு வட்டச் சால்வை. 9 கண்ணிகளில் தொடங்கும் அந்தச் சால்வை 18, 36, 72, 144, 288, 576 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஒரு தடவை இரட்டித்தால், அடுத்த இரட்டிப்பு வரையிலான தூரமும் இரண்டு மடங்காகும். இடையில் கூட்டலுமில்லை, குறைத்தலுமில்லை. வட்டத்தின் ஆரை இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்காகும் என்ற பள்ளிக்கூடக் கேத்திர கணிதம், ஒரு பெண்ணின் மடியில் சால்வையாக விரிகின்றது.

இந்நூலில் ஒவ்வொரு வேலையும் இரண்டு தடவை எழுதப்பட்டுள்ளது. முதலில் நீண்ட பேச்சு: ஏன் இப்படி, வேறெப்படிச் செய்யலாம், எங்கே வழுக்கும் என்று. அதன்பின் அவசரக்காரருக்கான சுருக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர், ஓர் எழுத்தில் எது செய்தி, எது உயிர் என்பதைக் கண்டுகொள்வார். என்னைப் பொறுத்தமட்டில் அந்த நீண்ட பகுதிகள் நல்ல கட்டுரை இலக்கியம். பின்னலைப் பற்றியது என்பதால் விமர்சகர் கண்ணிற் படவில்லை. சமையல், தையல், தாலாட்டு என்று வீட்டுக்குள் பிறக்கும் எழுத்துக்கெல்லாம் நேர்கின்ற கதிதான் இது.

தான் கண்டுபிடித்தவற்றைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல எலிசபெத் மறுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டு ஊசியும் ஒரு நூலும் இருந்த இடத்தில், இதை முன்பே யாரோ ஒருத்தி செய்திருப்பாள் என்பது அவரது துணிபு. அதற்கென்று ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சொல்லையே ஆக்கிக்கொண்டார்: 'அன்வென்ட்'. கண்டுபிடித்தலைக் குறிக்கும் 'இன்வென்ட்' என்ற சொல்லின் முன்னொட்டை மாற்றி, தோண்டியெடுத்தல் என்ற பொருளில் வழங்கினார். தன் முறையை ஆசிரியர் மாற்றியதற்காகக் கோபித்தவர், அந்த முறைக்குத் தானே உரிமையாளர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதிய வாக்கியம் அவருடையது. பின்னும் வழி எகிப்தின் அந்தப் பெயரற்ற கைகளுக்கும் உரியது.

1960களில் விஸ்கொன்சின் பொதுத் தொலைக்காட்சியில் பின்னல் கற்பித்தார். 1974இல் கோடைகாலப் பின்னல் முகாம் ஒன்று தொடங்கியது. 1981இல் 'நிட்டிங் வேர்க்ஷொப்' நூலை வெளியிட்டபோது பதிப்பகம் வெளியே இல்லை, ஸ்கூல்ஹவுஸ் பிரஸ்தான். நூல் பொதி கட்டிய வீடு புத்தகமும் கட்டத் தொடங்கியது. 1989இல் வந்த 'நிட்டிங் அரவுண்ட்' பாதி சுயசரிதை, பாதி பின்னல். அதில் அவருடைய சொந்த ஓவியங்களும் இடம்பெற்றன. பின்னர் மகள் மெக் சுவான்சன் பொறுப்பை ஏற்று நடத்தினார். அவரும் அறியப்பட்ட பின்னற் கலைஞரே.

1999 நவம்பர் 30ஆம் திகதி எலிசபெத் காலமானார். நியூயோர்க் டைம்ஸ் அவருக்கு விரிவான அஞ்சலிக் குறிப்பு வெளியிட்டது. ஆறு ஆண்டுகளின் பின், 2005இல், பழைய 22 மடல்களும் தொகுக்கப்பட்டு ஒரு நூலாக வந்தன. பின்னப்பட்ட பொருட்களின் வர்ணப் படங்களுடன் வந்த அத்தொகுப்பில், சஞ்சிகைக்காரர்கள் துண்டு துண்டாக்கிய அந்த வட்டத்தோள் ஸ்வெட்டர் முதலாவது மடலிலேயே இருக்கின்றது, அவர் பின்னியவாறே சுற்றிச் சுற்றி.