பேறுகால விடுப்பு: சம்பளம் யார் கணக்கில்?

நம்ம மும்பை பரேல் பக்கம் பழைய மில் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பெறும் தொழிலாளிக்குப் பணத்தோடு ஓய்வு என்ற சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது இந்த மாகாணத்தில்தான், 1929-ல். அதற்கு முன்பே என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் முயன்று தோற்றிருந்தார்.

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் இதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, ஆகவே செலவில் பெரும்பங்கு அரசுடையது என்றார். (பொருளாதாரம் படித்தவராயிற்றே!) சட்டமோ சுமையை முதலாளி தலையில் வைத்தது. 1961 சட்டமும் அப்படியே. 2017-ல் முதல் இரு பிரசவங்களுக்கு 12 வாரம் 26 ஆனது; பணம் கொடுக்கும் கை மாறவில்லை.

1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. மட்டும் வேறு வழி: இரு தரப்பும் சந்தா கட்டும் பொது நிதி. ஆனால் அது சம்பள வரம்புக்குள் இருப்பவர்களுக்குத்தான். மற்ற இடங்களில் இன்டர்வியூவிலேயே கேட்கிறார்களே, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று... அந்தக் கேள்வி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.