பின்சீற்றில் இருந்தவர் யார்?

மோட்டார் சைக்கிளில் ‘டபிள்ஸ்’ போகாத ஆள் எங்களுக்குள்ள இருக்கமாட்டார். ஆனாலும் அந்தப் பின்சீற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கு எண்டு நாங்கள் யோசிக்கிறது குறைவு. இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ மோட்டார் சைக்கிள்களைத் தேடியெடுத்துத் திருத்துபவர்களுக்குக் கூடத் தலையிடி தருகிற பாகம் இது. எஞ்சினிலும் சட்டகத்திலும் இலக்கம் அடித்திருப்பார்கள். சீற் அப்படியில்லை. நாலு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். போர் முடிந்த பிறகு எத்தனை கை மாறி, எத்தனை சீற் மாறியிருக்கும்?

ஆகவே முதற் கேள்வி, இந்த வண்டியில் பின்சீற் இருந்ததா என்பதுதான். பிரித்தானியாவின் பி.எஸ்.ஏ. எம்20 வண்டிகள் ஏறக்குறைய 126,000 செய்யப்பட்டன. அவற்றின் பிரதான வேலை செய்தி கொண்டுபோவது. ஓட்டி தனியாகப் போவார். பின்னுக்குச் சாமான் தட்டும் பக்கப் பைகளும் இருக்கும். சில ஒப்பந்தங்களில் பின்சீற் வந்தது, பலவற்றில் வரவில்லை. அமெரிக்காவின் ஹார்லி டபிள்யூ.எல்.ஏ.யும் ஒற்றைச் சீற்றும் தட்டும்தான்.

ஜேர்மன் இராணுவத்தில் கதை வேறு. 1941க்கும் 1944க்கும் இடையில் பி.எம்.டபிள்யூ. ஆர்75 ஏறக்குறைய 16,500 செய்தார்கள். பக்கப்பெட்டியில் இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவர், ஓட்டி ஒருவர், பின்சீற்றில் இன்னொருவர். மோட்டார் சைக்கிள் காலாட்படை இப்படி மூன்று பேராகத்தான் நகர்ந்தது. அங்கே பின்சீற் ஒரு சிப்பாயின் இடம்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? பின் மட்காட்டில் உள்ள துளைகளைப் பாருங்கோ. துளையின் உள்விளிம்பில் பழைய இராணுவப் பெயின்ற் இருந்தால், பெயின்ற் அடிக்க முன்னமே துளைத்திருக்கிறார்கள். வெறும் இரும்பும் கறளும் எண்டால் பிறகு ஆரோ துளைத்தது. பெயின்ற்றின் நிறமும் காலம் சொல்லும். பிரித்தானிய வண்டிகள் போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை, நடுப்பகுதியில் மண்ணிறம், 1944இலிருந்து ஒலிவ் நிறம். ஜேர்மன் வண்டிகள் 1943 பெப்ரவரி வரை கடுஞ்சாம்பல், அதன்பின் கடும் மஞ்சள். மரை இன்னொரு சாட்சி. பிரித்தானிய வண்டியின் சீற்றில் மெற்றிக் போல்ற் இருந்தால் அது பின்னால் நுழைந்தது. பெற்றோல் தாங்கியில் ‘C’ எழுத்தோடு தொடங்கும் இராணுவப் பதிவிலக்கம் மிஞ்சியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தத்தைத் தேடலாம்.

ஏமாற்றும் இருக்கு. சோவியத் ஒன்றியம் பி.எம்.டபிள்யூ. ஆர்71ஐப் பார்த்து எம்-72 என்ற வண்டியைச் செய்தது. போருக்குப் பிறகும் அது தொடர்ந்து வந்தது. சாம்பல் பெயின்ற் அடித்து, றப்பர் சீற் பூட்டினால் தூரத்தில் ‘ஜேர்மன் வண்டி’ மாதிரித்தான் தெரியும்.

றப்பர் எண்டதும் கதை எங்கட பக்கம் திரும்புகிறது. 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் யப்பானிடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே மலாயா போய்விட்டது. அடுத்த மாதம் டச்சுக் கிழக்கிந்தியாவும் போனது. உலகின் இயற்கை றப்பரில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தட்டுப்பாடு மோட்டார் சைக்கிள் வரைக்கும் வந்தது. பிரித்தானிய இராணுவ வண்டிகளின் கைபிடியில் றப்பருக்குப் பதில் கன்வஸ் வந்தது. கால்மிதி வெறும் இரும்பானது. அப்படியான 1943ஆம் ஆண்டு வண்டியொன்றுக்கு இன்றைக்கு ஒருவர் ‘குறையாக் கிடக்கு’ என்று புது றப்பர் பூட்டினால், அந்தத் தட்டுப்பாட்டின் சாட்சியையே அவர் கழற்றி எறிகிறார்.

மலாயாத் தோட்டங்களில் அந்தப் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தமிழர். யப்பானிய ஆட்சியில் ஏற்றுமதி நின்று வேலை போனது. அவர்களில் பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய றப்பர் மூலம் இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று இங்கே வரம்புமீறிப் பால் வெட்டப்பட்டது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் மலையகத் தமிழரும் அடக்கம். போர் முடிந்து மூன்று வருடத்தில், 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது.

இதனால்தான் திருத்தும்போது கைகட்டி நிற்கவேண்டிய இடங்களும் உண்டு எண்டு சொல்லுறம். கல்லாகிப்போன றப்பரைத் திரும்ப இளக்க வழியில்லை. மெல்லிய சவர்க்காரத் தண்ணியால் துடைத்து, எண்ணெய், பெற்றோல், வெயில் படாமல் வைக்கலாம், அவ்வளவுதான். ஸ்பிரிங்கை மணல் பாய்ச்சித் துடைத்தால் கறளோடு சேர்ந்து பழைய பெயின்ற்றும் தயாரிப்பாளரின் முத்திரையும் போய்விடும். கறளை மெதுவாகக் கையால் எடுத்து, வெடிப்பிருக்கா எண்டு பார்க்கவேணும். ஓடத்தான் வேணுமெண்டால் புதிதாகச் செய்த சீற்றைப் பூட்டுங்கோ. பழையதைக் கழற்றமுன் படமெடுத்து, எந்த வண்டியில், எந்தத் துளையில் இருந்தது என்று எழுதி ஒரு துண்டு கட்டி வையுங்கோ. புதுச் சீற்றின் அடியிலும் செய்த ஆண்டை எழுதிவிட்டால், பிறகு வருகிறவர் குழம்பமாட்டார்.

அடுத்தமுறை ஏதும் நூதனசாலையில் பளபளவென்று ஒரு போர்க்கால வண்டியைக் கண்டால், எஞ்சினைப் பார்த்து முடிந்தபிறகு குனிந்து அந்தச் சீற்றின் அடியையும் பாருங்கோ. பக்கத்தில் நிற்கிற அலுவலரிடம் இது எந்த ஆண்டுச் சீற் எண்டும் கேளுங்கோ.