காலம் கடந்த வீர விருதுகளும் 'புதிய சான்று' என்ற நிபந்தனையும்: டெடி ஷீயன் வழக்கை முன்வைத்து

போரில் ஒருவர் காட்டிய வீரத்துக்கு இருபது, ஐம்பது ஆண்டுகள் கழித்து விருது கோரி மனு வந்தால் பாதுகாப்புத் துறைகள் முதலில் கேட்பது புதிய சான்றைத்தான். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய அதிகாரிகள் ஆராய்ந்து எடுத்த முடிவை, போரையே பார்க்காத தலைமுறை ஒன்று திருத்தப் புகுந்தால் விருதின் மதிப்பு என்ன ஆகும் என்ற கவலை அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் இந்த நிபந்தனை ஒருவகை வழக்குக்கு மட்டுமே பொருந்தும் என்பது என் வாதம். நடந்தது அன்று தெரியாமல் போனது ஒன்று. தெரிந்தும் உரிய மதிப்பு தரப்படாமல் போனது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் ஆஸ்திரேலிய மாலுமி எட்வர்ட் 'டெடி' ஷீயனுக்கான விக்டோரியா கிராஸ் 78 ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஷீயன் டாஸ்மேனியாவின் லட்ரோப் ஊரில் வளர்ந்தவர். 1942 நவம்பர் 29 அன்று டார்வினிலிருந்து திமோர் தீவின் பெட்டானோ கடற்கரையை நோக்கிப் புறப்பட்ட அர்மிடேல் என்ற சிறு போர்க்கப்பலில் கடைநிலை மாலுமியாக இருந்தார். அங்கிருந்த ஆஸ்திரேலிய, டச்சுப் படையினரையும் போர்த்துகீசியக் குடிமக்களையும் மீட்பது பயணத்தின் நோக்கம். அவர்களுக்கு மாற்றாக இறக்கப்படவேண்டிய டச்சுக் கிழக்கிந்தியப் படையினர், பெரும்பாலும் இந்தோனேசியர்கள், கப்பலில் இருந்தார்கள். டிசம்பர் 1 பிற்பகலில் பதின்மூன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கின. டார்பிடோக்கள் பட்டுக் கப்பல் சாய, கப்டன் டேவிட் ரிச்சர்ட்ஸ் எல்லோரும் கப்பலை விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டார். கடலில் குதித்தவர்களையும் விமானங்கள் சுட்டன. மார்பிலும் முதுகிலும் காயம்பட்டிருந்த ஷீயன் படகை நோக்கிப் போகாமல் பின்தளத்து ஓர்லிகான் பீரங்கிக்குத் திரும்பி, அதன் வாரில் தன்னைப் பிணைத்துக்கொண்டு சுட்டார். குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்தினார். தண்ணீர் அவரை மூடிய பிறகும் ஒளிக்குண்டுகள் கடலுக்குள்ளிருந்து மேலெழுந்தன என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அப்போது அவருக்கு 18 வயது.

கப்பலில் இருந்த 149 பேரில் பிழைத்தவர்கள் 49. அந்த 49 பேரும் எப்படிப் பிழைத்தார்கள் என்பது சான்று பற்றிய இந்த வாதத்துக்கு முக்கியம். உதவி தேடி மோட்டார் படகில் ஒரு குழுவோடு கப்டன் கிளம்பினார். சேதமுற்ற இன்னொரு படகைச் செப்பனிட்டு மற்றொரு குழு சில நாள் கழித்துப் புறப்பட்டது. தெப்பத்தில் எஞ்சியவர்களை விமானமொன்று கண்டு படம்கூட எடுத்தது. கடல் கொந்தளிப்பால் இறங்க முடியவில்லை. அதன்பின் அவர்களை யாரும் பார்க்கவில்லை. விருதுப் பரிந்துரை என்பது கண்ணால் கண்டவர் சொல்ல, மேலதிகாரி எழுத, அதற்கு மேலிருப்பவர் எடைபோட என்று படிப்படியாக ஏறும் ஒரு கோப்பு. கண்டவர்களில் பலர் செத்து, மீதிப்பேர் வெவ்வேறு படகுகளில் நாட்கணக்கில் அலைந்து கரைசேர்ந்த ஒரு சம்பவத்தில் அந்தக் கோப்பு எவ்வளவு மெலிந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

1943-இல் ஷீயனுக்குக் கிடைத்தது தளபதியின் அறிக்கையில் பெயர் இடம்பெறும் சிறப்பு மட்டுமே. அது பதக்கமே இல்லை. பதக்க நாடாவில் குத்திக்கொள்ளும் வெண்கல ஓக் இலை. ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்குப் பலரும் அதிகாரிகளின் அலட்சியத்தைக் காரணம் சொல்வார்கள். அதற்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் விருது முறையில், எதிரியோடு பொருதி இறந்தவருக்கு இரண்டே இரண்டு அங்கீகாரங்கள்தான் தர முடியும்: உச்சத்தில் விக்டோரியா கிராஸ், அடியில் இந்தப் பெயர்க் குறிப்பு. இடையிலிருந்த பதக்கங்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். ஆகவே, 'நிச்சயம் உயர்ந்த வீரம், ஆனால் உச்ச விருதுக்குச் சற்றுக் குறைவு' என்று ஓர் அதிகாரி நினைத்தால், இறந்தவர் நேராக அடிமட்டத்துக்கு விழுவார். பிழைத்திருந்தால் அதே செயலுக்கு நெஞ்சில் ஒரு பதக்கம் தொங்கியிருக்கும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. நிறைவேறாத வீர விருதுக் கோரிக்கைகள் பதின்மூன்றை ஆராய்ந்த ஆஸ்திரேலியப் பாதுகாப்பு விருதுத் தீர்ப்பாயம், 2013-இல் ஷீயனுக்கு விக்டோரியா கிராஸ் மறுத்தபோதே, அவர் உயிரோடு இருந்திருந்தால் இடைநிலைப் பதக்கம் ஒன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலின் முழுப் பொருளையும் தீர்ப்பாயம் அன்று ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. முதல் முடிவு எடுக்கப்பட்ட முறையே சரியான அளவில் மதிப்பிட இடம் தராத முறை என்றால், அந்த முடிவைப் 'புதிய சான்று வந்தால் ஒழியத் தொடக்கூடாது' என்று காப்பது எப்படிப் பொருந்தும்?

அடுத்து நடந்தவை இந்தச் சிக்கலை வெளிச்சமாக்கின. டாஸ்மேனிய மாநில அமைச்சர் கை பார்னெட்டின் மனுவின் பேரில் 2019-இல் அதே தீர்ப்பாயம், வேறு உறுப்பினர்களுடன், வழக்கை முதலிலிருந்து ஆராய்ந்து விக்டோரியா கிராஸுக்குப் பரிந்துரைத்தது. 2020 மே மாதம் அரசு அதை ஏற்கவில்லை. சொன்ன காரணம்: புதிய சான்று இல்லை. எதிர்ப்பு வலுக்கவே பிரதமர் ஸ்காட் மாரிசன், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் முன்னாள் இயக்குநர் பிரெண்டன் நெல்சன் தலைமையில் ஒரு குழு அமைத்தார். குழுவும் விருதையே பரிந்துரைக்க, ஆகஸ்டில் அரசியின் ஒப்புதல் வந்தது. 2020 டிசம்பர் 1 அன்று, கப்பல் மூழ்கிய அதே தேதியில், கான்பராவில் கவர்னர் ஜெனரல் ஷீயனின் குடும்பத்திடம் விருதை வழங்கினார். ஆஸ்திரேலியக் கடற்படைக்கு அது முதல் விக்டோரியா கிராஸ். காயம்பட்டார், திரும்பினார், சுட்டார், கப்பலோடு மூழ்கினார் என்ற அடிப்படை உண்மைகள் 2013-இலும் மேசைமேல் இருந்தவைதான். மாறியது முக்கியமாக அவற்றுக்குத் தரப்பட்ட எடை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1999-இலேயே அதே கடற்படை ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஷீயனின் பெயரை வைத்துவிட்டது. அந்த வகைக் கப்பல்கள் ஆறில் மற்ற ஐந்தும் அதிகாரிகளின் பெயரைத் தாங்கியவை. கப்பலுக்குப் பெயர் வைக்கப் போதுமாயிருந்த வீரம் பதக்கத்துக்கு மட்டும் போதவில்லை.

நிபந்தனை சரியாகப் பொருந்தும் வழக்கு எது? இந்திய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமட போப்பய்ய தேவய்யாவுடையது. குடகைச் சேர்ந்த அவர் 1965 செப்டம்பர் 7 அதிகாலை பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தின் மீதான தாக்குதலில், மாற்று விமானியாக இருந்து அணியோடு சேர்ந்துகொண்டவர். திரும்பவில்லை. ஒலியைவிட இருமடங்கு வேகம் கொண்ட ஸ்டார்ஃபைட்டர் போர்விமானம் ஒன்றை, ஒலி வேகத்துக்குக் கீழே பறக்கும் தன் மிஸ்டேர் விமானத்தால் எதிர்த்து வீழ்த்தியதை இந்தியத் தரப்பில் யாரும் பார்க்கவில்லை. பாகிஸ்தான் விமானி குதித்துத் தப்பினார். 1979-இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர், பாகிஸ்தான் தரப்புத் தகவல்களை வைத்து எழுதிய நூலில்தான் அந்தச் சண்டை வெளிப்பட்டது. தேவய்யாவின் அணித் தலைவராயிருந்த ஓ. பி. தனேஜா விடாமல் முயல, 1988-இல் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. இங்கே திருத்துவதற்கு எந்தத் தீர்ப்பும் இருக்கவில்லை, தகவலே இல்லை. எதிரியின் பக்கத்திலிருந்து சான்று வந்ததும் கதவு திறந்தது. ஷீயனுக்கோ தகவல் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. கோளாறு தீர்ப்பு உருவான விதத்தில்.

கதவைத் திறந்தால் வெள்ளம் புகும் என்பார்கள். பிரிட்டன் இந்த அச்சத்தால்தான் ஐந்து ஆண்டுக்கு முந்தைய சேவைக்கு விருது வழங்குவதில்லை என்ற வழக்கத்தைக் காத்துவருகிறது. அச்சம் முழுக்கப் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் 2013-இல் ஆராயப்பட்ட அந்தப் பதின்மூன்று பெயர்களில் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய போர்ப் புராணமும் இருந்தது. கலிப்போலியில் கழுதைமேல் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக், பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பெயர். அவர் செயல் அவரோடு இருந்த மற்ற தூக்குப்படுக்கை வீரர்களின் வீரத்துக்கு இணையானது, அதற்கு மேலானது அன்று என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. மக்கள் அன்பு எவ்வளவு பெரிதாயிருந்தாலும் ஆராயும் மனம் அதற்கு அடிபணியவில்லை. அந்தப் பதின்மூன்றில் பின்னர் விக்டோரியா கிராஸ் பெற்றது ஷீயன் ஒருவரே.

என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. ஷீயனுக்காக உழைத்தவர்கள் அவருடைய குடும்பத்தார், ஒரு மாநில அமைச்சர், முன்னாள் கடற்படையினர். கேட்க ஆள் இல்லாதவருக்கு என்ன வழி? அமெரிக்கா இதற்கு ஒரு மாற்று காட்டியது. இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர் ஒருவருக்கும் மெடல் ஆஃப் ஆனர் தரப்படவில்லை என்ற உண்மையை எடுத்துக்கொண்டு, 1993-இல் ராணுவமே ஷா பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. 1997 ஜனவரியில் ஏழு பேருக்கு விருது வந்தது. 1945-இல் இத்தாலியில் வியாரெஜ்ஜியோ அருகே போரிட்ட வெர்னான் பேக்கர் மட்டுமே அதைக் கையால் வாங்க உயிரோடு இருந்தார். காலவரம்பைத் தளர்த்தச் சட்டமே தேவைப்பட்டது. அங்கே மெய்ப்பிக்கும் சுமை தனி ஒருவரின் வாரிசின் தலையில் விழவில்லை. முறை எங்கே தவறியது என்று முறையை நடத்தியவர்களே தேடினார்கள்.

அதே அளவுகோலை அர்மிடேலுக்கு வைத்துப் பார்க்கலாம். அன்று இறந்த 100 பேரில் சுமார் 60 பேர் டச்சுக் கிழக்கிந்தியப் படையினர். அவர்களுக்காகக் கான்பராவில் மனுப்போட யாரும் வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே மறுஆய்வு அமைப்புகள் இரண்டு வழிகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. தகவல் கிடைக்காமல் விடப்பட்டவர்களுக்குப் புதிய சான்று என்ற நிபந்தனை இருக்கட்டும். விதியின் இடைவெளியால், இன வேறுபாட்டால், கண்டவர்கள் சிதறியதால் குறைத்து மதிப்பிடப்பட்டவர்களுக்கு, பழைய சான்றையே புதிதாக எடைபோடும் உரிமை அந்த அமைப்புக்கு வேண்டும். அந்த ஆய்வைத் தொடங்கும் பொறுப்பும் மனுதாரரிடம் விடப்படாமல் அமைப்பிடமே இருக்கவேண்டும்.