ஊதியமில்லா நோய் விடுப்பு: ஒன்டாரியோ வேலைத்தரச் சட்டத்தில் ஒரு முரண்

கனடாவில் வேலை நிலைமைகளைப் பற்றிய சட்டம் பெரும்பாலும் மாகாணங்களின் கையில் இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் 92(13)ஆம் பிரிவில் சொத்துரிமையையும் குடிமை உரிமைகளையும் மாகாணங்களுக்கு ஒதுக்கியது. தொழிலுறவும் அதற்குள் அடங்கும் என்று 1925இல் ஸ்னைடர் வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்ற சில துறைகள் மட்டுமே ஒன்றிய அரசின் வரம்புக்குள் வருகின்றன. இந்தப் பகிர்வின் விளைவை டொராண்டோவின் எந்த வணிக வீதியிலும் காணலாம். வங்கிக் காசாளருக்கு ஆண்டுக்கு 10 நாள் வரை ஊதியத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2022 டிசம்பர் முதல் ஒன்றியச் சட்டம் அதைத் தருகிறது. பக்கத்துக் காபிக் கடையில் வேலை செய்பவருக்கு மாகாணச் சட்டம் தருவது 3 நாள், அதுவும் சம்பளமின்றி.

ஒன்டாரியோவின் 2000ஆம் ஆண்டு வேலைத்தரச் சட்டம் விடுப்பு எடுக்கும் உரிமையையும் அந்த நாளுக்குச் சம்பளம் பெறும் உரிமையையும் தனித்தனியே வைத்துப் பார்க்கிறது. நோயைப் பொறுத்தவரை இந்தப் பிரிப்பு அநீதி மட்டுமல்ல, அந்தச் சட்டமே பிற இடங்களில் கையாளும் முறைக்கும் எதிரானது என்பதே என் வாதம்.

ஆண்டு விடுமுறையை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்தாண்டுகளில் இரண்டு வாரம். அதற்கான ஊதியம் ஈட்டிய சம்பளத்தில் 4 விழுக்காடு. ஐந்தாண்டு நிறைந்தால் மூன்று வாரமும் 6 விழுக்காடும். இந்தப் பணம் உழைக்க உழைக்கச் சேர்வது. வேலையை விட்டுப் போகிறவருக்கும் பாக்கியைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்தாக வேண்டும். பொது விடுமுறை ஒன்பது நாளுக்கும் சூத்திரம் உண்டு: முந்தைய நான்கு வேலை வாரங்களின் வழக்கமான சம்பளத்தையும் அக்காலத்துக்குரிய விடுமுறை ஊதியத்தையும் கூட்டி 20ஆல் வகுப்பார்கள். 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். அந்தக் கூலிக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யும் பெண்ணுக்கு, விடுமுறை ஊதியத்தைச் சேர்க்காமலே, விக்டோரியா நாளுக்கு 84.48 டாலர் கிடைக்கும். பகுதிநேர ஊழியருக்கும் ஈட்டியதற்கு ஏற்ற பங்கைப் பிரித்துக் கொடுக்க இந்தச் சட்டத்துக்குத் தெரிகிறது. அதே பெண் காய்ச்சலில் ஒரு ஷிப்ட் போகாவிட்டால் இழப்பது 140.80 டாலர். மூன்று நாளும் போகாவிட்டால் 422.40. வாடகை கட்டும் வாரத்தில் இத்தொகையை யாரும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள். அவருக்கு இந்த விடுப்பு வேலை பறிபோகாமல் காக்கும் ஒரு வேலி. படுத்து ஓய்வெடுக்க அது போதாது. ஸ்கார்பரோவில் உணவகங்களிலும் ஏஜென்சி மூலம் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் தமிழர்களுக்கு இது அன்றாடக் கணக்கு.

இந்த நிலை தவிர்க்க முடியாததாக இருக்கவில்லை. 2017இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் 10 நாள் தனிப்பட்ட அவசர விடுப்பை எல்லா நிறுவனங்களுக்கும் விரித்து, அதில் முதல் இரண்டு நாளுக்கு ஊதியமும் வைத்தது. ஆட்சி மாறியதும் 2018இன் சட்டம் அதை நீக்கியது. 2019 ஜனவரி முதல் நோய்க்கு 3 நாள், குடும்பப் பொறுப்புக்கு 3 நாள், துக்கத்துக்கு 2 நாள் என எல்லாமே ஊதியமற்றவை. அதே ஜனவரியில் கியூபெக் இரண்டு நாளுக்கு ஊதியம் தரத் தொடங்கியது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா 2022இல் ஐந்து நாளாக வைத்தது. 90 நாள் வேலை செய்த பகுதிநேர ஊழியருக்கும் அது உண்டு.

வேலைவாய்ப்புக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். அதன் நோய்ப்பயன் 26 வாரம் வரை வருவது உண்மைதான். ஆனால் வழக்கமான விதிப்படி முதல் ஒரு வாரம் காத்திருப்புக் காலம். சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் முடிந்துபோவது அந்த வாரத்துக்குள்தான். பிறருக்குத் தொற்றும் நோய்கள் பலவும் இந்த வகையே.

முதலாளிகளின் ஆட்சேபத்தில் ஒரு நியாயம் உண்டு. சிறு கடையில் ஒருவர் வராவிட்டால் அந்த ஷிப்டுக்கு வேறொருவரைக் கூப்பிட வேண்டும். ஒரே வேலைக்கு இரு கூலி. ஆனால் அளவைப் பாருங்கள். ஆண்டின் 260 வேலைநாளில் ஐந்து நாள் என்பது எல்லாரும் முழுமையாக எடுத்தாலும் 2 விழுக்காட்டுக்கும் குறைவு; ஏற்கெனவே கொடுக்கும் விடுமுறை ஊதியத்தில் பாதிகூட இல்லை. கோவிட் காலத்தில், 2021 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை, மாகாணமே மூன்று நாளுக்கு, நாளுக்கு 200 டாலர் வரை, முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் சில ஆண்டுகளுக்கு அந்த ஏற்பாட்டை மீண்டும் கொண்டுவரலாம்.

திருத்த வேண்டிய இடம் சட்டத்தின் 50ஆம் பிரிவு. அங்கே ஐந்து நாளையும் பொது விடுமுறைச் சூத்திரத்தைப் போன்ற சராசரிக் கணக்கையும் சேர்க்க வேண்டும். மருத்துவரின் சான்றிதழ் கேட்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் வந்த தடை அப்படியே நீடிக்கட்டும். கூடவே பகுதிநாள் விதியையும் மாற்ற வேண்டும். இப்போது ஒருவர் காலையில் இரண்டு மணி நேரம் கிளினிக்குக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பினாலும், விடுப்பில் ஒரு முழு நாள் கழிந்ததாக முதலாளி கணக்கு வைக்கலாம். ஊதியம் சேர்ந்த பின்னும் இந்த விதி இருந்தால், நீரிழிவுக்காரர் ஒருவர் ஐந்து காலை வேளைகளில் அந்த ஆண்டின் விடுப்பு முழுவதையும் தீர்த்துவிடுவார். விடுப்பை மணிக்கணக்கில் கழிக்கும்படி சட்டமே சொல்ல வேண்டும்.