நம்பர் வந்துவிட்டதா?

மலர்க் குழுவினர் போன் செய்து, "கல்லூரி நினைவுகள் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். கொளவாய் ஏரிக் காற்றையும், கேண்டீன் டீயையும், ரயில் பிடிக்க ஓடிய ஓட்டத்தையும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் கல்லூரிக்குள் நுழைவதற்கு முந்திய ஒரு வாரத்தைப் பற்றி எழுதுகிறேன். ரிசல்ட் வாரம். அதைத் தாண்டாமல் நம்மில் யாரும் உள்ளே வந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் பி.யு.சி. போய் மேல்நிலை வகுப்பு வந்தது 1978-ல். 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ அரசுத் தேர்வை எழுதியவர்கள் நாங்கள். எங்களுக்கு முன்னால் யாரும் எழுதாத பரீட்சை! பழைய கேள்வித்தாள் கிடையாது. 1200-க்கு எவ்வளவு வந்தால் நல்ல மார்க், எவ்வளவு வந்தால் அழ வேண்டும் என்று சொல்லித் தர ஓர் அண்ணன் கிடையாது. 700 வந்தால் சிரிப்பதா, அழுவதா? வாத்தியார்களுக்கே தெரியாது.

ரிசல்ட் வருவது மாலைப் பேப்பரில். அதில் மார்க் இருக்காது. பாஸானவர்களின் நம்பர் மட்டும், எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. சென்னையிலிருந்து ரயிலில் செங்கல்பட்டுக்குக் கட்டு வந்து இறங்குவதற்குள் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் நெரியும். ஒருவன் பேப்பரை விரிக்க, பத்துப் பேர் தலையை நுழைப்போம். நம்பர் இருந்தால் பாஸ். இல்லையென்றால் இல்லை. அதற்கு மேல் விளக்கம் கேட்க அங்கே ஆள் கிடையாது.

என் நண்பன் ஒருவன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பையன். (இந்த மலரைப் புரட்டப் போகிறவன். "பேரைப் போட்டே, தொலைச்சிடுவேன்" என்று உத்தரவு.) தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு வந்து படித்தவன். ரிசல்ட் அன்று அப்பாவோடு கடலுக்குப் போக வேண்டியிருந்தது. "நீ பாத்து வந்து சொல்லுடா" என்று தன் நம்பரை ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழ்திக் கொடுத்திருந்தான்.

என் நம்பர் இருந்தது. அவனுடையது இல்லை. அதற்கு முந்திய நம்பரும் இருந்தது, பிந்தியதும் இருந்தது. மூன்று தடவை விரலை வைத்துத் தேடினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சொன்னேன். கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தான். "சரி, விடு" என்றான். அவ்வளவுதான். அவன் அம்மாதான் எனக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து பள்ளிக்கூடத்துக்கு மார்க் பட்டியல் வந்தது. அதில் அவன் பாஸ். பேப்பரில் அச்சுக் கோத்தவர் ஒரு நம்பரை விட்டுவிட்டார். எந்தப் பேப்பர் என்று சொல்லி இப்போது யாருக்கு என்ன லாபம்? நான் மறுபடி பஸ் ஏறினேன். அதற்குள் அவன் பெரியப்பாவோடு நெல்லூர்ப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டான். திரும்பி வருவதற்குள் அட்மிஷன் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்தான். என்னோடு படித்தவன் எனக்கே ஜூனியரான கதை இதுதான். பல பேர் இது தெரியாமல் அவனை "பெயிலாகி வந்தவன்" என்று கேலி செய்தீர்கள்.

நிற்க. அந்த ஒரு நம்பர் என்னைச் சும்மா விடவில்லை. நான் கணக்கு வாத்தியாராகப் போனவன். நாம் எழுதிய பரீட்சைக்கும் நம் கைக்கு வரும் எண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தேடிப் படிப்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

நம் ஊரில் மருத்துவக் கல்லூரி வந்தது 1965-ல். அந்தக் காலத்தில் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதிக மார்க் வாங்கியவன் ஒரு மாவட்டத்தில் வெளியே நிற்க, குறைந்த மார்க் வாங்கியவன் இன்னொரு மாவட்டத்தில் உள்ளே போகலாம். 1968-ல் ராஜேந்திரன் என்ற மாணவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த முறையை ரத்து செய்தது. அடுத்து 1970-ல் பெரியகருப்பன் வழக்கு. பாட மார்க் 200, அதற்கு மேல் நேர்முகத்துக்கு மட்டும் 75! பேனா பிடித்து வாங்கியதை எதிரே உட்கார்ந்திருப்பவர் ஐந்து நிமிஷத்தில் புரட்டிப் போடலாம். அந்த நேர்முகத் தேர்வு நடந்த விதமும் கோர்ட்டில் நிற்கவில்லை.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிறகுதான் 'கட்-ஆப்' என்ற சொல் டீக்கடைக்கு வந்தது. என் மாணவர்களுக்குப் போர்டில் போட்டுக் காட்டிய கணக்கு இன்னும் கையில் இருக்கிறது: இன்ஜினியரிங் என்றால் கணிதத்தின் 200-ஐ இரண்டால் வகு, இயற்பியலையும் வேதியியலையும் நாலால் வகு, அது 200-க்கு. நுழைவுத் தேர்வு 100-க்கு. ஆக 300. கால் மார்க், அரை மார்க்கில் ஆயிரம் பேர் முன்னே பின்னே போவார்கள். இந்தக் கணக்கைச் சொல்லித் தர ஆள் இருந்த வீட்டுப் பிள்ளை ஒரு மாதிரி தயாரானான். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பத்துமா சார்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

என் மகள் பிளஸ் டூ எழுதிய 2007-ல் நுழைவுத் தேர்வை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை அரசு முயன்று, ஐகோர்ட்டில் அடி வாங்கியிருந்தது. ஆகவே இந்த முறையும் நிற்குமோ நிற்காதோ என்று மகள் ஒரு கையில் பாடப் புத்தகமும் மறு கையில் நுழைவுத் தேர்வு கைடுமாக இருந்தாள். மற்ற போர்டில் படித்தவர்களின் மார்க்கை ஒப்பிடவும் அந்தச் சட்டம் ஒரு வழி சொன்னது: நம் போர்டில் முதல் மார்க் 100, அவர்கள் போர்டில் முதல் மார்க் 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66. தொண்ணூறு நூறானால் அறுபது எவ்வளவு என்ற பழைய விகிதக் கணக்குத்தான். சமமானவர்கள் வந்தால்? கணிதம், இயற்பியல், பிறந்த தேதி எல்லாம் பார்த்தும் தீராவிட்டால் கம்ப்யூட்டர் கொடுக்கும் ரேண்டம் நம்பர். அதாவது சீட்டுக் குலுக்கல்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே கணக்கு என்ன செய்தது என்பதும் நாம் அறிந்ததே. 1971-ல் இலங்கையில் மருத்துவம் சேரத் தமிழில் எழுதியவருக்கு 250 மார்க் வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும் என்று வைத்தார்கள். 1973-ல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974-ல் மாவட்ட ஒதுக்கீடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையையும் விசுவநாத பிள்ளையையும் தந்தது யாழ்ப்பாணம். அந்த யாழ்ப்பாணத்துப் பையன்கள் வயிற்றெரிச்சலோடு வீதிக்கு வந்ததற்கு இந்த மார்க்குக் கணக்கும் ஒரு காரணம். ஒரு பெருக்கல் வகுத்தலை லேசாக நினைக்கக் கூடாது.

நமக்கு 2017-ல் நீட் வந்து சேர்ந்தது. அதே வருஷம்தான் பிளஸ் டூ ரிசல்ட்டில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியது. ஒரு பக்கம் ரேங்க் ஓய்ந்தது, மறு பக்கம் 'பர்சென்டைல்' வந்தது.

2024 ஜூனில் ஒரு நாள் இரவு என் ஜூனியர் நண்பன் குப்பத்திலிருந்து போன் செய்தான். பேத்தி நீட் எழுதியிருந்தாள். "டேய், எம்பத்தி நாலுடா! தகுதின்னு வேற போட்டிருக்கான். டாக்டர்டா!" பின்னால் ஜனங்களின் சத்தம் கேட்டது. லட்டு வாங்கிவிட்டானாம்.

எண்பத்து நாலு என்பது மார்க் இல்லை, சதவீதமும் இல்லை. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் எண்பத்து நாலு பேர் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வருஷம் எழுதியவர்கள் 23 லட்சத்து 33 ஆயிரத்துக்கும் மேல். அப்படியானால் அவளுக்கு முன்னால் ஏறக்குறைய 3 லட்சத்து 73 ஆயிரம் பேர். நாடு முழுக்க, அரசு, தனியார் எல்லாம் சேர்த்தே எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். பொதுப் பிரிவுக்கு 50 பர்சென்டைல், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 இருந்தாலே 'தகுதி' என்று போட்டுவிடுவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் அவளுக்கு இல்லை. படித்தது உதவி பெறும் பள்ளியில்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. "காலையில வரேன்" என்றேன். நாற்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறம் அதே பஸ், அதே திருக்கழுக்குன்றம் வழி. வாக்கியத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் வீட்டில் இல்லை, ஏலத்துக்குப் போயிருந்தான். பேத்திதான் கதவைத் திறந்தாள். தட்டில் இரண்டு லட்டு வைத்துக் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "தெரியும் தாத்தா. ராத்திரியே கணக்கு போட்டுப் பாத்துட்டேன். மூணே முக்கால் லட்சம் வருது. பி.எஸ்சி. பிசிக்ஸுக்கு போன மாசமே உங்க காலேஜுல அப்ளிகேஷன் போட்டிருக்கேன். ரெண்டு நாள் போகட்டும், நானே சொல்லிக்கிறேன். நீங்க இப்ப எதுவும் சொல்லிடாதீங்க."

வாசலில் அவன் குரல் கேட்டது. நான் லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.